மூடாமல் விட்ட ஜன்னல்

அல்மாத்தி நகரத்துப் பனிமலையில் பட்ட வெயில் மேசையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. அடிக்கடி நின்றுபோகும் நிலநடுக்கமானியின் சர்க்யூட் போர்டை குல்பாரம் மூன்றாவது முறையாக சால்டர் உருக்கிப் பற்றவைக்கிறாள். விரலில் புதுக் கொப்புளம். எதிரே மெய்ராம்பெக், கருவியை உள்ளிருந்து இயக்கத் தான் எழுதிய கெர்னல் நிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கருவியின் நினைவகத்தை எட்டிப்பார்க்கத் திறக்கும் ஜன்னலை, பிழை நேரும்போதெல்லாம் அது மூடாமல் விடுகிறது. ஜன்னல்கள் குவிந்து, இடம் தீர்ந்து, கருவி நின்றுவிடுகிறது. நேற்றே கண்டுபிடித்துவிட்டான். போர்டைச் சரியாகப் பற்றவைக்கவில்லை என்று காலையில் எல்லார் முன்னும் அவள் திட்டு வாங்கியபோதும் அவன் அதைச் சொல்லவில்லை. “என் கை ராசி அப்படி, தம்பி. நீ சாப்பிடு, மூஞ்சி வாடிக்கிடக்கு” என்று பவுர்சாக் பலகாரத் தட்டை அவன் பக்கம் நகர்த்துகிறாள். பொரித்த மாவின் வாசம் அவன் கண்ணைக் கலங்கவைக்கிறது. “அக்கா, அந்த சால்டரிங் அயர்னைக் கீழ வைங்க. தப்பு என்னோடது. நேத்தே தெரியும்.” சால்டர் புகை அடங்குகிறது. கொப்புளத்தை ஊதிக்கொண்டே, “மூணு தடவைடா, பாவி!” என்கிறாள். பிறகு தட்டை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறாள்.