கெட்டிக்கார மாணவி

பணி ஓய்வுக்குப் பிறகு டீச்சர் இலவசமாக நடத்தும் வகுப்பு அது. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வைகள் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

வகுப்பிலேயே கெட்டிக்காரி தைத்த போர்வையை டீச்சர் தடவிப் பார்த்தார்.

“ஒரு பிசிறு இல்ல. ஆனா, இனிமே நீ இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்கக் கூடாது.”

“இன்னொரு போர்வை பாதியில நிக்குதே டீச்சர். அதையாவது முடிச்சுக் குடுத்துடறேனே.”

“அதை மத்தவங்க பாத்துக்குவாங்க. நீ கிளம்பு.”

அவள் ஊசியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

“அப்புறம் உங்களை எங்க பாக்கறது?”

“என் வீட்டுக்கு வா. தையல் மெஷின் சும்மாத்தான் கிடக்கு. சேர்ந்து தைப்போம்.”

அவள் முகம் மலர்ந்தது.

பெரிய பூட்டைத் திறந்துகொண்டே பெண் காவலர் சிரித்தார். “விடுதலை ஆர்டர் வந்தும் ஜெயிலை விட்டுப் போக மனசில்லாதவளை இப்பத்தான் பாக்கறேன்.”