நகரக் கூடாத புள்ளி

பிற்பகல் மூன்று மணிதான் ஆகிறது, ஆனால் ஜன்னல்களைக் கறுப்புத் துணி மூடியிருப்பதால் கூடம் இருண்டு கிடக்கிறது. விசிறியால் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தின் கண்ணாடிக்குள் லேசர் விரித்த பச்சை ஒளியில், பொடிப்பொடியான எண்ணெய்த் துளிகள் சுழன்று ஓடுகின்றன. ஒரு துளி இந்தப் படத்தில் எங்கே, அடுத்த படத்தில் எங்கே என்று பார்த்துத்தான் ஆராய்ச்சிக்காரி ஐந்து நாளாகக் காற்றின் வேகத்தை அளக்கிறாள். இப்போது அவள் திரையை வெறித்தபடி இருக்கிறாள். சுரங்கச் சுவரில் அடையாளத்துக்குக் குறித்த, நகரவே கூடாத புள்ளியே படத்துக்குப் படம் நகர்ந்திருக்கிறது. “அண்ணா, கேமரா ஆடியிருக்கு.” பக்கத்தில் நிற்கும் மெக்கானிக் கேமராவின் தாங்கியைத் தொடுகிறார். திருகு விரலுக்கே சுழல்கிறது. “நான்தாம்மா முடுக்கினேன்,” என்கிறார் மெல்ல. “எத்தனை நாள் வேலை போச்சு?” “அஞ்சும் போச்சு,” என்கிறாள். மூக்குக்கண்ணாடியில் படிந்த எண்ணெயை அவர் சட்டையில் துடைக்கிறார், அது இன்னும் பரவுகிறது. நாளை முதல் சுரங்கம் வேறொரு குழுவுக்கு. அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. விசிறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொள்கிறாள். “ஆறு மணி வரைக்கும் நமக்குத்தானே. நீங்களே முடுக்குங்கண்ணா.” அவர் ஸ்பேனரை எடுக்கிறார். முடுக்கிவிட்டு, திருகை மறுபடி விரலால் சுழற்றிப் பார்க்கிறார். அவர் போதும் என்னும்வரை அவள் பிடித்தபடியே காத்திருக்கிறாள்.