அண்ணன் பாத்திரம் ஒட்டவில்லை

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சிறிய திரையரங்கில் மூன்று மணிக் காட்சிக்குப் பதினேழு பேர் வந்திருந்தார்கள்.

பதினாறு பேர் சிரித்தார்கள்.

பதினேழாவது ஆள் நகல் எடுக்கும் கடையில் வேலை பார்ப்பவர். படத்தை எடுத்தது அவருடைய சொந்தத் தம்பி.

கையில் காசில்லாமல், நண்பர்களையே நடிக்க வைத்து எடுத்த படம். எப்படியாவது பெரிய ஆளாகிவிடத் துடிக்கும் ஒருவன் திரைப்படக் கல்லூரி நுழைவுத் தேர்வின் வினாத்தாளைத் திருடுகிறான். தாள்கள் இருப்பது அவன் அண்ணன் வேலை பார்க்கும் அலுவலகத்தில், அரக்கு முத்திரை வைத்த மர அலமாரியில்.

முத்திரையை அவன் தொடவே இல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, முதுகுப் பலகையின் திருகாணிகளைக் கழற்றுகிறான். வெளியே காலடிச் சத்தம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்போது பார்த்துத் தும்மல் வருகிறது.

அரங்கு குலுங்கியது.

பதினேழாவது ஆள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினொரு வருடங்களுக்கு முன்னால், நிஜத்தில், அப்படியொரு நான்காம் எண் அலமாரியின் சாவி அவரிடம்தான் இருந்தது. ஒரு தாள் குறைந்தது. முத்திரை உடையவில்லை. அப்படியானால் சாவியையும் முத்திரையையும் வைத்திருந்தவன்தான் எடுத்திருக்க வேண்டும் என்றது விசாரணை. வேலை போயிற்று. எப்படி நடந்திருக்கும் என்று அன்றிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

விடை இப்போது திரையில் ஓடியது, பின்னணி இசையோடு.

அந்தத் தேர்வில் தம்பிக்கு மூன்றாவது இடம். வேலை போன நிலையிலும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்தது இவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் கைபேசியை எடுத்து, படத்துக்கு வந்திருந்த பார்வையாளர் கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

‘கேமரா நடுங்குகிறது. ஆனால் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.’

‘அவன் திருடும்போது கைதட்டிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் கூசியது.’

‘எல்லாம் சரி, அண்ணன் பாத்திரம்தான் ஒட்டவில்லை. கூடவே இருக்கிற தம்பிமேல் சந்தேகமே வராத மடையன் எங்கே இருக்கிறான்?’

“ஏங்க, எங்க இருக்கான்னு நான் வேணா எழுதிப் போடட்டுமா?”

அவர் கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டார்.

நேரில் போய்ச் சட்டையைப் பிடித்தால் வெறும் கதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான். அவன் வாயாலேயே வர வேண்டும். பாராட்டினால் அவனுக்குத் தலைகால் புரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒரு பொய்ப்பெயரில் கணக்குத் தொடங்கி, இயக்குநருக்குத் தனிச்செய்தி எழுதினார்.

‘ஐயா, தங்கள் படத்தில் நான்காம் எண் அலமாரிக் காட்சியைக் கண்டு வியந்தேன். தானே செய்து பார்த்த ஒருவரால்தான் இத்தனை நுணுக்கமாக எடுக்க முடியும் என்பது என் தாழ்மையான கருத்து. நடந்ததா, கற்பனையா? தெரிவித்தால் மகிழ்வேன்.’

இரண்டு நாட்கள் பதில் இல்லை. கடையில் யாரோ ஒருவரின் அடையாள அட்டைக்கு முன்பக்கத்தையே இரண்டு தரம் எடுத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினார்.

புதன்கிழமை காலை பதில் வந்தது.

‘நடந்ததுதான். அலமாரியை நகர்த்தியவன் நான். தாளை எடுத்தவன் நான். அதற்காக வேலையை இழந்தவருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.’

அதற்குக் கீழேயும் மூன்று வரிகள் இருந்தன. அவற்றை இரண்டு தரம் படித்தார்.

செய்தியை அச்செடுத்து, நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைப்பதற்கு முன், வெள்ளைக் காகிதத்தில் ஒரு பட்டை கத்தரித்தார். பழைய முத்திரைகளையும் அடித்தல் திருத்தல்களையும் மறைக்க வாடிக்கையாளர்கள் கேட்டால் செய்து கொடுப்பதுதான். பட்டையை அடிப்பகுதியில் வைத்து மூடியை அழுத்தினார். நகலில் விளிம்பின் நிழல்கூட விழவில்லை.

தானாக முன்வந்து ஒப்புக்கொண்டு வருந்துபவனிடம் இரக்கம் காட்ட விதிகளில் இடம் உண்டு. அந்த அலுவலகத்தில் பதினாறு வருடங்கள் இருந்தவருக்கு அது எத்தனையாவது விதி என்பதும் தெரியும்.

வேலையைத் திரும்பக் கேட்டு எழுதிய மனுவோடு நகலை இணைத்தார். மூலத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

ஏப்ரல் கடைசியில் அந்த அலுவலகத்தில் அண்ணன் தம்பி இருவரையும் ஒரே அறைக்கு அழைத்தார்கள். விசாரணை அதிகாரி நகலைத் தம்பியிடம் நீட்டினார். அவன் கடைசிவரை படித்தான். கீழே வெறுமையாக இருந்த இடத்தில் அவன் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான்.

“நான் அனுப்பினதுதான் சார். இவ்வளவுதான்.”

அவன் அனுப்பியதில், பட்டை மறைத்த மூன்று வரிகள் இவை:

‘படத்துல அலமாரிக்கு நம்பரே கிடையாதுண்ணா. நீங்க பார்க்கணும்னுதான் இந்தப் படத்தையே எடுத்தேன், நேர்ல வந்து சொல்லத் தைரியம் வரல. அந்த ஆபீஸுக்கு எப்பப் போகலாம்னு சொல்லுங்க, கூட வந்து நானே எழுதிக் கொடுக்கறேன்.’

உத்தரவு மே பன்னிரண்டாம் தேதி வந்தது. அண்ணனின் பணிநீக்கம் ரத்து செய்யப்பட்டது. தம்பியின் பட்டம் பறிக்கப்பட்டு, வழக்கு காவல்துறைக்கு அனுப்பப்பட்டது. படம் திரையரங்கிலிருந்து எடுக்கப்பட்டது.

இரண்டாம் பக்கத்தில், குற்றம் செய்தவர் வருந்தியதற்கான சான்று எதுவும் ஆவணங்களில் இல்லை என்று குறிப்பிடப்பட்டிருந்தது.