வெள்ளைக் கோட்டு

“வாயத் தெறடா! பல்லுக்கு எந்தக் காலேஜ்ல படிச்ச?”

ஆம்பூர் பஜார் மாடியிலிருந்த அந்தப் பல் கிளினிக்கே அதிரும்படிக் கத்தினார் மருத்துவத் துறை அதிகாரி கங்காதரன். வெள்ளைக் கோட்டுக்காரன் மிரண்டு நின்றான். கோட்டு வேறு அவன் அக்குளைப் பிடித்து இறுக்கியது.

“ழா... தாத்தரு...”

“டாக்டருன்னு இன்னும் வேற சொல்றியா? வாயில இன்னா, பாக்கா? துப்பு!”

கூட வந்த ஏட்டு, அவன் சட்டைப் பையைத் துழாவி ஒரு அட்டையை உருவினார். “சார், ஷூ கம்பெனி கார்டு. சதீஷ்குமார், கட்டிங் செக்‌ஷன்.”

“அடப்பாவி! பகல்ல தோலு வெட்டிட்டு, சாயங்காலம் பல்லு புடுங்குறியா?”

சிகிச்சை நாற்காலியில் கழுத்தில் துண்டோடு சாய்ந்திருந்த அம்சவேணி, வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கணீரென்று ஆரம்பித்தாள். “சாமி மாதிரி வந்தீங்க சார்! கொஞ்சம் லேட்டாயிருந்தா பேஜாராயிருக்கும்.”

“மரத்துப்போற ஊசி போட்டுட்டானாம்மா?”

“எனக்குப் போடல சார்.”

சதீஷ்குமார் அவள் பக்கம் கையை நீட்டினான். “இழதான்... இழ...”

“பொம்பளைய மெரட்டுறியா?” ஏட்டு அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“படிக்காம வைத்தியம் பாத்தா ஜெயிலு. மோசடி கேஸும் சேரும்,” என்றார் கங்காதரன். “கவலப்படாத. வேலூர் ஜெயிலுக்கு இங்கேர்ந்து பஸ்ஸு ஜாஸ்தி. உம் பொண்டாட்டி வந்து பாத்துட்டுப் போகலாம்.”

கோட்டுக்காரனுக்குக் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்தது. எச்சில் ஒரு பக்கம் மட்டும் வழிந்தது.

“நீ கெளம்பும்மா. கோட்ட மாட்டினவன்லாம் டாக்டருன்னு நம்பிடறதா?”

“தப்புதான் சார். இனிமே உஷாரா இருக்கேன்.”

கிளினிக்குக்கு சீல் வைத்தார்கள். ஜீப், சதீஷ்குமாரை ஏற்றிக்கொண்டு போனது. அம்சவேணி ஷேர் ஆட்டோவில் ஏறித் தங்கைக்குப் போன் போட்டாள்.

“கலை, ஆம்பூர் கடைக்கு சீல் வெச்சிட்டாங்க. குடியாத்தத்துல ஒரு ரூம் பாரு. கோட்டும் புதுசா ஒண்ணு வாங்கு.”

“பழசு இன்னாச்சுக்கா?”

“ஜீப்பு வர்றத பாத்ததும், எக்ஸ்ரே எடுக்கணும்னு சொல்லி பேஷண்டுக்கு மாட்டிவுட்டேன்டி!”