பல் பட்ட இடம்

மெஷினில் மறுபடியும் சிவப்பு.

அவள் கட்டைவிரலை எடுத்துக்கொண்டாள். கண்ணாடியில் மங்கல்கூட விழவில்லை.

வைத்த மாதிரியும் இருக்க வேண்டும். படவும் கூடாது. அவ்வளவுதான்.

"பயப்படாம வைம்மா. கரன்ட்டா அடிக்கப் போகுது?" என்றார் குணாளன் சார். கோட்டிங் செக்‌ஷன் இன்ஜினியர்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எல்லோர் தலையிலும் வெள்ளைக் குல்லா, வாயை மூடி முகமூடி. கண் மட்டும்தான் தெரியும்.

அவள் விரலை எந்த மெஷினும் எடுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ரேகை மெஷினுக்கான கண்ணாடிகளைத் துடைத்து மேல்பூச்சு ஊற்றுகிறாள். துடைக்கிற மருந்து கண்ணாடியோடு அவள் கையையும் துடைத்துவிட்டது.

அதனால்தான் சோதனைக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

"இவ கைய எடுத்துட்டா ஊர்ல எல்லார் கையையும் எடுத்துரும். எடுத்துச்சுன்னா நாளைக்கே நம்ம ஹாஸ்டல் கேட்ல மாட்டிரலாம்."

சார் காலையிலேயே இதைச் சொல்லியிருந்தார்.

நாளை ஞாயிறு.

ஹாஸ்டல் கேட்டில் இப்போது இருப்பது பழைய மெஷின். விரல் வைத்தால்தான் திறக்கும். ஒருத்தியை மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வெளியே விடும். யாருக்கு எந்த ஞாயிறு என்பது அதற்குத்தான் தெரியும்.

அவளை மட்டும் அதற்குத் தெரியாது.

விரலை வைப்பாள். சிவப்பு. மறுபடி வைப்பாள். சிவப்பு. பின்னால் வரிசை முணுமுணுக்கும். வாட்ச்மேன் பிரேன், அசாம்காரன், எழுந்து வந்து சின்னக் கதவைச் சாவி போட்டுத் திறந்துவிடுவான்.

"மெஷின்ல நீ இல்லக்கா," என்பான்.

அப்படித்தான் எல்லா ஞாயிறும் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. அங்கே அக்கா இருந்தாள். அக்காவிடம் பாப்பா இருந்தாள்.

கம்பெனியில் கல்யாணமாகாத பெண்களைத்தான் எடுப்பார்கள்.

பாப்பாவுக்கு அக்காதான் அம்மா. இவள் சித்தி. யாராவது கேட்டாலும் வாய் தவறக்கூடாது என்று இரண்டு பேருமாகச் சொல்லிப் பழக்கினார்கள். பாப்பா வாய் ஒருநாளும் தவறவில்லை.

"அக்கா, லேசா வைக்கிறீங்க. அழுத்துங்க."

பக்கத்தில் நின்ற சுகந்தி. நல்ல பெண். அடுத்த மேசைக்காரி.

கண்ணாடி பளபளவென்று இருந்தது. வெறும் கண்ணாடியில் காய்ந்த விரல் ஒட்டாது. அதன்மேல் மெல்லிசாக ஒரு ஜவ்வை ஊற்றி வேகவைத்தால் அது விரலுக்கு இடம் கொடுக்கும். அழுத்துகிற இடத்தில் அமுங்கி, ரேகையின் பள்ளம்வரை போய்ப் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஜவ்வை ஊற்றியது அவள்தான்.

ஒரு தூசி போதும். ஒரு குமிழி போதும். கண்ணாடி கழிவுத் தட்டுக்குப் போயிருக்கும்.

அதை நினைத்துக்கொண்டேதான் காலையில் கிண்ணத்தை எடுத்தாள். கை கேட்கவில்லை. எப்போதும் போல ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஊற்றியது. காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்தது. கடைசிக் குமிழி மேலே வந்து உடையும்வரை அவளை அங்கேயே நிற்க வைத்தது.

இத்தனை சுத்தமாக அவள் ஒன்றுமே ஊற்றியதில்லை.

"இப்படி வைங்கக்கா."

சுகந்தி அவள் விரலைப் பிடித்து அழுத்தினாள்.

மெத்தென்று இருந்தது. குளிர்ந்து இருந்தது. விரல் உள்ளே போவது போல இருந்தது.

பச்சை.

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். குணாளன் சார் பெரிய திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாரும்மா. உன் கைதான்."

முகத்தளவு பெரிசாக அவள் கட்டைவிரல். தேய்ந்துபோனதாக நினைத்திருந்த கோடுகள் எல்லாம் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து வளைந்து. நடுவில் மட்டும் அறுந்திருந்தன. சின்னதாக ஒரு பிறை வடிவம். அதையொட்டி இன்னொன்று.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

பருப்புச்சோறு. பல் முளைத்த புதிது. விட மாட்டேன் என்று கவ்விக்கொண்டது. ரத்தம் வந்தும் அவள் கையை உருவவில்லை. மறுநாள் இங்கே வேலைக்குச் சேர வேண்டியிருந்தது.

சார் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"என்ன இது? எதாவது கடிச்சுச்சா?"

"எலி சார்."

"ஹாஸ்டல் எலியா?" என்றாள் யாரோ. "சோத்த விட கை ருசியா இருந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"எதுவா இருந்தா என்ன. இது நல்லதுதான். இந்த மாதிரி வெட்டு வேற யாருக்கும் இருக்காது. இனிமே ஆயிரம் பேர் நடுவுல வச்சாலும் மெஷின் உன்னை விடாது," என்றார் சார். "சரி, கண்ணாடியத் துடைச்சிருங்க."

துடைத்தாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு. துணியை மடித்து, திருப்பி, மறுபடியும்.

கண்ணாடியில் ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள். திரையில் அது அப்படியே இருந்தது.

தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். முகமூடியை இறக்கினாள். ஜன்னல் வழியாக ஹாஸ்டல் கேட் தெரிந்தது. பிரேன் ஏணிமேல் நின்று பழைய மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தான். சின்னக் கதவின் சாவி அவன் இடுப்பில் ஆடியது. நாளையிலிருந்து அவனுக்கு அது தேவைப்படாது.

கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனாள்.

பிறை இருந்த இடத்தைப் பற்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள்.

பொருந்தவில்லை. அவள் பல் பெரிசு.

இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, கண்ணை மூடிக்கொண்டாள்.