பதினாலாம் நம்பர்

"கோல் அடிச்சது ஒன்பது, பாஸ் குடுத்தது பதினாலு," என்றார் ஐஸ் ஹாக்கி நடுவர், ஸ்கோர் மேசைக் கண்ணாடியின் ஓட்டையில் வாயை வைத்து.

ஸ்கோர் எழுதும் லாய்டின் பேனா நின்றுவிட்டது.

பதினாலாம் நம்பர் சட்டை பெஞ்சுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சீசன் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சமயத்தில் ஊரில் இல்லாதவனின் சட்டையைத் தொங்கவிடுவது இந்த டீமின் வழக்கம். ஓரெஸ்ட் பிப்ரவரியில் ஆல்பர்ட்டாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பஸ் ஏற்றிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவன் லாய்டுதான்.

நடுவர் வெளியூர்க்காரர். பாவம், எண்ணைத் தப்பாகப் பார்த்திருப்பார்.

லாய்டு பதினேழு என்று எழுதினான். மைக்கிலும் பதினேழு என்றே சொன்னார்கள்.

எழுதிய கையோடு கண் கேன்டீன் சுவருக்குப் போனது. இதுவரை பிளே-ஆஃபில் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பலகை அங்கேதான் இருக்கிறது. முதலில் லாய்டு, அறுபத்தொன்று. அடுத்தது ஓரெஸ்ட், அறுபது. கோலுக்கு ஒன்று, கோலுக்கான பாஸுக்கு ஒன்று.

அந்த இரண்டாவது பெயரை யாரும் நம்பமாட்டார்கள். சீசன் முழுக்க வலை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் நிற்கிற தடியன், பிளே-ஆஃப் வந்தால் மட்டும் சாமி வந்தவன் மாதிரி ஆடுவான்.

"அந்தக் கட்டை உன்னைத் தாண்டிருவான் பாரு!" என்று கேன்டீன் மார்லீன் லாய்டைச் சீண்டாத நாளில்லை.

லாய்டுக்கு வயிறு எரியும். முட்டி போய் ஆட்டத்தை விட்டபின் இந்த ஊரில் அவனுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

நடுவர் சறுக்கிக்கொண்டே திரும்பி வந்தார்.

"என்னப்பா, பதினேழுன்னு போட்டுட்டியா? உங்க பதினாலு வந்து சண்டைக்கு நிக்கிறான். லாய்டு வேணும்னேதான் பண்றான்கிறான்."

இந்த மனுஷனிடம் லாய்டு தன் பெயரைச் சொல்லவே இல்லை.

"நல்லாத்தான் ஆடுறான். ஆனா ஏன்பா அவன் மட்டும் இப்படிச் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கான்?"

லாய்டு மெல்ல ஆணியைப் பார்த்தான். சட்டை அங்கேயேதான் இருந்தது. அதன் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பனிக்கூடத்தின் குளிரிலும் ஏரிப் பாசியின் வாடை மூக்கில் ஏறியது.

பதினேழை அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினான். இப்போது இருவருக்கும் அறுபத்தொன்று. இன்னும் ஒரு பீரியட் ஆட்டம் பாக்கி.

பிப்ரவரியில் இருவரும் மீன்பிடிக்கப் போன அன்றைக்கு ஏரியின் உறைபனி ஓரெஸ்டின் காலடியில் பிளந்தது. ஓரெஸ்ட் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

கயிறு லாய்டின் கையில்தான் இருந்தது.