மீட்டிங் ஹாலில் மூச்சுப் பயிற்சி

மீட்டிங் ஹாலில் பாதி விளக்குகளை அணைத்திருக்கிறார்கள். "கண்ணை மூடிக்கோங்க. ரெண்டு உள்ளங்கையும் விரிச்சு மடியில வைங்க," என்று குழைகிறார், ஊழியர் நலனுக்காக வரவழைத்த பயிற்சியாளர். நாற்பது பேரும் மூச்சை இழுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்காரி மட்டும் கண்ணை மூடவில்லை. மூன்று நாளாக வீட்டுக்குப் போகாமல், மூச்சு விட நேரமில்லாமல் கிடப்பவளுக்கு மூச்சுப் பயிற்சியாம். அவள் மடியில் கையளவு டிஸ்க் ஒன்று இருக்கிறது. வைரஸ் புகுந்து கம்பெனியின் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டது. பேக்கப் எடுத்த இந்த டிஸ்க்கும் அதே மெஷினில் செருகியே கிடந்ததால் இதுவும் போயிற்று. இதைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும் என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தாள். "தினமும் யாரும்மா கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கிறது? அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்ற மேனேஜர், இப்போது முன்வரிசையில் முனிவர் மாதிரி கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். "உன் கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதே," என்று இன்று காலை சொன்னதும் இதே வாய்தான். அவள் எழுந்து நடக்கிறாள். ஏ.சி. உறுமலுக்கு நடுவே அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. வால் போல் தொங்கும் ஒயரோடு டிஸ்க்கை மேனேஜரின் விரித்த உள்ளங்கையில் வைக்கிறாள்.

"கழட்டிட்டேன் சார்."